இரண்டு இருநூறுகள்

2024 ஜனவரியில் ஒரு மதியம். எங்கள் குழுவில் சேர்ந்து நாலு மாதமே ஆகியிருந்த பெண் ஒருவர், லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். திரை முழுக்கச் சிவப்பு. "அண்ணா, 200-ன்னா 200 தானே? கம்பைலர் ரெண்டும் வேறங்குது" என்றார். குனிந்து பார்த்தேன். ரஸ்ட் மொழி நிரல். 200 என்பது 'எல்லாம் சரி' என்று வலைச் சேவைகள் திருப்பிச் சொல்லும் எண், அதாவது ஸ்டேட்டஸ்கோட். வெளியில் இருக்கும் ஒரு சேவையைக் கூப்பிட்டு, அது தரும் பதிலை அப்படியே நம் பக்கம் திருப்பிவிடுகிற சின்ன கேட்வே அது. கூப்பிடுவதற்கு ரெக்வெஸ்ட் 0.11, பதில் சொல்வதற்கு ஆக்ஸம் 0.7. இரண்டும் ரஸ்ட் லைப்ரரிகள், இரண்டுக்கும் அடியில் நின்று எச்டிடிபி பேசுவது ஹைப்பர் என்ற லைப்ரரி. அங்கிருந்து வந்த ஸ்டேட்டஸ்கோடை எடுத்து இங்கே வைக்கிறார், அவ்வளவுதான். எதிர்பார்த்தது ஸ்டேட்டஸ்கோட், கிடைத்தது ஸ்டேட்டஸ்கோட், இரண்டும் பொருந்தவில்லை என்கிறது கம்பைலர். அடியில் ஒரு குறிப்பு: எச்டிடிபி கிரேட்டின் இரண்டு வேறு வெர்ஷன்கள் உள்ளே இருக்கக்கூடும். ரஸ்ட்டில் லைப்ரரிப் பொட்டலத்துக்குப் பெயர் கிரேட்.

"ரெண்டும் 200 தான்மா. ஆனா வேற வேற வீட்டு 200" என்று சொல்லி, நிரல் சார்ந்திருக்கும் கிரேட்டுகளைப் பட்டியலிடும் கார்கோ ட்ரீயை ஓட்டி, இரட்டையாக இருப்பவற்றை மட்டும் காட்டச் சொன்னேன். எச்டிடிபி 0.2 ஒன்று, 1.0 ஒன்று. ஹைப்பர் 0.14 ஒன்று, 1 ஒன்று. ஆக்ஸம் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது, ரெக்வெஸ்ட் இன்னும் போகவில்லை. தீர்வு ஒரு வரிதான். பழைய ஸ்டேட்டஸ்கோடை வெறும் எண்ணாக மாற்று, அந்த எண்ணிலிருந்து புது ஸ்டேட்டஸ்கோடைக் கட்டு. அவர் அந்த வரியை எழுதினார், சிவப்பு போனது. போகும்போது, "இருநூறைப் பிரிச்சு இருநூறாக் கட்டறதுக்கு ஒரு வரி எழுத வேண்டியிருக்கு. இதை எழுதினவங்க இதையெல்லாம் யோசிக்க மாட்டாங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் ஹைப்பரை நான் 2017-லிருந்து பயன்படுத்துகிறேன். அதன் ஒவ்வொரு உடைப்பிலும் நானும் சேர்ந்து உடைந்திருக்கிறேன். ஏறக்குறைய அதே கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். இப்போது வேறொருவர் என்னிடம் கேட்டபோதுதான், என் பதில் எப்போதோ மாறிவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

தரை போடாத வீடு

சீன் மெக்ஆர்தர் 2014-ல் ஹைப்பரைத் தொடங்கியபோது ரஸ்ட் மொழியே 1.0 ஆகவில்லை. அப்போது ஹைப்பர் ஒரு த்ரெட்டை நிறுத்திவைத்துப் படிக்கும், எழுதும், அவ்வளவுதான். அதை அசின்க் ஆக்கும், அதாவது ஒன்றுக்காகக் காத்து நிற்காமல் பல வேலைகளைச் சேர்த்து நடத்தும் முயற்சி 2016 வாக்கில் ஒரு தடவை நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஹேண்ட்லர் சொல்கிற மாதிரி ஒரு வடிவம் டெவலப்மென்ட் கிளையில் எழுதப்பட்டது. அது வெளியீடாகவே வரவில்லை. அசின்க் வேலைகளை ஓட்டும் ரன்டைமான டோக்கியோ வந்தது, அந்த வேலை அப்படியே ஓரங்கட்டப்பட்டது. 2017 ஜூனில் 0.11 டோக்கியோ மேல் வந்து நின்றது. நான் உள்ளே நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

அதன்பின் நடந்தது அந்தக் காலத்தில் ரஸ்ட் எழுதியவர்களுக்குத் தெரியும். 2018-ல் 0.12, 2019 டிசம்பரில் 0.13, 2020 டிசம்பரில் 0.14. வருஷத்துக்கு ஒரு தடவை, ஏறக்குறைய ஆடித் தள்ளுபடி மாதிரி தவறாமல். இதில் 0.13-ஐ யாரும் குறை சொல்ல முடியாது. பின்னால் வரப்போகும் பதிலுக்கான பொது ஒப்பந்தமான ஃபியூச்சர் என்ற ட்ரெய்ட் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்ததே 2019-ல்தான். அசின்க்-அவெய்ட் நிலைபெற்றது அந்த நவம்பரில், ரஸ்ட் 1.39-ல். தரையே போடாத வீட்டில் குடியிருந்தோம், தரை போட வந்தபோது சாமான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அதில் என்ன கோபம்?

எனக்குக் கோபம் வந்தது 0.12-ல். அதுவரை ஹைப்பரில் ஹெடர்களுக்கு, அதாவது செய்தியோடு போகும் தலைப்புக் குறிப்புகளுக்கு, டைப் இருந்தது. கன்டென்ட்-லெங்த் என்றால் அது எண்ணோடுதான் வரும், அந்த டைப்களை வைத்து எழுதினால் எழுத்துப்பிழையோடு ஒரு ஹெடர் போகாது. ரஸ்ட் என்றாலே இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். 0.12-ல் அதெல்லாம் போய், எச்டிடிபி கிரேட்டின் ஹெடர்மேப் வந்தது. பெயர் ஒரு பக்கம், பைட்டுகள் ஒரு பக்கம். டைப் வேண்டுமென்றால் தனி கிரேட்டில் போய் எடுத்துக்கொள். எங்கள் நிரலில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு வாரம் போனது.

அதே 0.12-ல் இன்னொரு மாற்றமும் இருந்தது. அதை நான் கொண்டாடினேன். 0.11-ல் ஒரு கிளையண்ட் உருவாக்கவேண்டும் என்றால் வேலைகளை ஓட்டும் டோக்கியோவின் கோர் ஒன்றைத் தொடங்கி, அதை எட்டும் பிடியான ஹேண்டிலை எடுத்து, கிளையண்டிடம் கையில் கொடுக்கவேண்டும். அந்த ஹேண்டிலை நிரல் முழுக்க ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொரு ஃபங்ஷனுக்குக் கடத்திக்கொண்டே இருந்தோம். கல்யாண வீட்டில் சாவிக்கொத்தோடு அலையும் அத்தையைப் போல, எந்தக் கதவைத் திறக்கவும் அதுதான் வேண்டும். 0.12-ல் அது காணாமல் போனது. கிளையண்ட் என்று சொன்னால் கிளையண்ட் வரும். எந்த ரன்டைம் மேல் நிற்கிறோம் என்பதை அது தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். சாவிக்கொத்து தொலைந்தது என்று அன்று எங்கள் குழுவில் எல்லோருமே நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

டைப் போனதற்குக் கோபப்பட்டேன், ஹேண்டில் போனதற்குச் சந்தோஷப்பட்டேன். கோபப்பட வேண்டியது எதற்கு என்று தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது.

இரண்டு நாளாகச் சில வரவில்லை

2021-இன் நடுவில் ஒரு நாள் காலை, எங்களோடு இணைந்து வேலை செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "உங்ககிட்டேருந்து ரெண்டு நாளா சில செய்தி வரவே இல்லையே சார், ஏதாவது பிரச்சினையா?" ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புவோம். முதல் தடவை போய்ச் சேராவிட்டால், பின்னணியில் ஒரு டாஸ்க் மறுபடி மறுபடி முயலும். எங்கள் டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. சர்வீஸ் விழவில்லை, மெமரி ஏறவில்லை, பிழை எண்ணிக்கையும் ஏறவில்லை. "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று முதலில் நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

லாகில் தோண்டினேன். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில், நாங்கள் எழுதிய லாக் வடிவத்தில் இல்லாத ஒரு வரி. ஒரு த்ரெட் பேனிக் ஆகி, அதாவது பாதியில் விழுந்திருக்கிறது. காரணம்: ரியாக்டர் எதுவும் ஓடவில்லை, டோக்கியோ 1 ரன்டைமுக்குள்ளிருந்துதான் இதைக் கூப்பிடவேண்டும். நான் மறுபடி படித்தேன். டோக்கியோவின் உள் இயந்திரமான ரியாக்டர் ஓடவில்லையா? இந்த சர்வீஸ் முழுக்கவே டோக்கியோ மேல்தானே ஓடுகிறது? அந்த வரியில் இருந்த '1' என்ற இலக்கத்தில் கண் நின்றபோதுதான் வயிற்றில் ஒரு பிசைவு.

நடந்தது இதுதான். எங்கள் சர்வீஸ் டோக்கியோ 0.2 மேல் ஓடிக்கொண்டிருந்தது, ஹைப்பர் 0.13-ஓடு. அந்த மறுமுயற்சி வேலையைச் செய்யும் உள் லைப்ரரியை மட்டும் ஒருவர் ஹைப்பர் 0.14-க்கு ஏற்றியிருந்தார். ரஸ்ட்டின் கட்டுமானக் கருவியான கார்கோவுக்கு 0.13-ம் 0.14-ம் இரண்டு தனி கிரேட்டுகள், இரண்டையும் ஒரே பைனரியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிடும். கூடவே டோக்கியோவும் இரண்டு. அந்த லைப்ரரியின் டெஸ்ட்டுகள் தங்களுக்கென்று டோக்கியோ 1-ஐத் தொடங்கிக்கொண்டு ஓடியதால் எல்லாம் தேறின. சர்வீஸும் ஒரு எச்சரிக்கை கூட இல்லாமல் கம்பைல் ஆனது. ப்ரொடக்ஷனில், முதல் முயற்சி தோற்ற அபூர்வமான நேரங்களில் மட்டும், அந்தக் கிளையண்ட் எழுந்து தன் வெர்ஷன் டோக்கியோவைத் தேடியது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ வேறு டோக்கியோ. பேனிக். டாஸ்க்குக்குள் நடக்கும் பேனிக்கை டோக்கியோ பிடித்து, அந்த டாஸ்க்கோடு அடக்கிவிடும். யாரும் அந்த டாஸ்க்கின் முடிவைக் காத்திருந்து பார்க்கவில்லை. செத்தது தெரியாமல் செத்துக்கொண்டே இருந்தன.

சரி செய்ய அரை நாள்தான் ஆனது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிழை செய்தவர் மேல் கோபமில்லை, நான் செய்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். என்னை உறுத்தியது, கம்பைலர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது. ரஸ்ட்டுக்கு வந்ததே அதற்காகத்தானே. படுத்துக்கொண்டே யோசித்தபோது அந்தச் சாவிக்கொத்து நினைவுக்கு வந்தது. 0.11-ல் இந்தத் தவறு நடந்திருக்கவே முடியாது. கிளையண்ட் கேட்பது ஒரு டோக்கியோவின் ஹேண்டில், நான் கொடுப்பது இன்னொரு டோக்கியோவின் ஹேண்டில். எதிர்பார்த்தது ஹேண்டில், கிடைத்தது ஹேண்டில், பொருந்தவில்லை என்று கம்பைலர் அங்கேயே நிறுத்தியிருக்கும். நான் தொல்லை என்று நினைத்து, போனதைக் கொண்டாடிய அந்த ஒரு ஆர்க்யுமென்ட்தான், ஹைப்பர் எதன் மேல் நிற்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே இடம். அதை நீக்கியபோது சார்பு போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, த்ரெட்டின் உள்ளறைக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரில் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் இருக்கும். பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார் என்றால் முன்கூட்டியே வந்து சொல்வார், நம் பக்கத்துப் பீரோவை நகர்த்தி வைப்போம். மேலே பூசி வெள்ளையடித்து, அது பொதுச்சுவர் என்பதே மறந்துபோன வீடுகளில்தான் சண்டை வரும். ஹைப்பருக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் இருந்தது அப்படிப்பட்ட சுவர். டோக்கியோ ஒவ்வொரு முறை இடித்துக் கட்டியபோதும் ஹைப்பரும் இடிய வேண்டியிருந்தது. 0.14 வந்ததற்குப் பெரிய காரணமே டோக்கியோ 1.0 வந்ததுதான்.

1.0 எடுத்துக்கொண்டது

டோக்கியோ 1.0 குறைந்தது மூன்று வருஷத்துக்கு 2.0 கிடையாது, ஐந்து வருஷம் பராமரிப்பு என்று வாக்குக் கொடுத்தது. அந்த அமைதியில் ஹைப்பரும் மூன்று வருஷம் 0.14-லேயே நின்றது. 2022 அக்டோபரில் 1.0-க்கான முதல் முன்வெளியீடு, 2023 நவம்பர் 15-ல் 1.0. மாற்றங்களின் பட்டியலைப் படித்தபோது 2018-இன் கோபம் அப்படியே திரும்பி வந்தது. கிளையண்ட் இல்லை. சர்வர் இல்லை. கிளையண்ட் ஹைப்பர்-யூட்டில் என்ற தனி கிரேட்டுக்குப் போய்விட்டது, சர்வர் நீக்கப்பட்டுவிட்டது. செய்தியின் உள்ளடக்கமான பாடி என்ற டைப் போய், அது ஒரு ட்ரெய்ட் ஆகிவிட்டது. உள்ளே வருவதற்கு மட்டும் இன்கமிங் என்று ஒரு டைப். டோக்கியோவின் டிசிபி ஸ்ட்ரீமை நேராக ஹைப்பரிடம் கொடுக்க முடியாது. ஹைப்பர் தனக்கென்று ரீட், ரைட் என்று இரண்டு ட்ரெய்ட்டுகள் வைத்துக்கொண்டிருக்கிறது, டோக்கியோ-ஐஓ என்ற உறைக்குள் போட்டுத்தான் கொடுக்கவேண்டும். கிளையண்ட் கட்டவேண்டும் என்றால் முதலில் வேலைகளை ஓட்டும் ஒரு எக்ஸிக்யூட்டரைக் கையில் கொடுக்கவேண்டும்.

கையில் கொடுக்கவேண்டும். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன். சாவிக்கொத்து திரும்பி வந்திருக்கிறது.

இந்த முறை வேறு வடிவத்தில். 0.11-ல் கொடுத்தது டோக்கியோவின் சொந்தப் பொருள், டோக்கியோ மாறினால் அதுவும் மாறும். 1.0-ல் ஹைப்பர் தன் பக்கத்துச் சுவரைத் தானே எழுப்பிக்கொண்டு, "என்னோடு பேசுகிறவர்கள் இந்த வடிவத்தில் பேசுங்கள்" என்கிறது. டோக்கியோவுக்கு நாளை 2.0 வந்தால் டோக்கியோ-ஐஓ என்ற அந்த உறை மாறும், ஹைப்பர் மாற வேண்டியதில்லை. அந்த உறையை எழுதும் ஒவ்வொரு இடமும், நான் நிற்பது டோக்கியோ மேல் என்று உரக்கச் சொல்லும் இடம். 2021-இல் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் அந்த போன் வந்திருக்காது.

வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் சர்வீஸ் ட்ரெய்ட்டையும் பார்த்தேன். கால் என்ற மெதட் 0.11-ல் செல்ஃபை, அதாவது தன்னையே, பகிர்ந்து வாங்கியது, நடுவில் மாற்றக்கூடியதாக வாங்கியது, 1.0-ல் மறுபடி பகிர்ந்து வாங்குகிறது. நடுவில் டவர் என்ற இன்னொரு லைப்ரரியின் ட்ரெய்ட்டைக் கடன் வாங்கியிருந்தது, 1.0-ல் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று சிறியதாக ஒன்றை வைத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தடுமாற்றமாகத் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கடன் வாங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டு வரும் ஒருவரின் வேலை இது என்று இப்போது தெரிகிறது.

இந்த இடமாற்றத்தில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்லவேண்டும். 0.14-ல் டு-பைட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, வரும் பாடி முழுவதையும் மெமரிக்குள் சேர்த்துக் கொடுக்கும். அளவைச் சோதிக்காது, எதிர்முனையை நம்ப முடியாவிட்டால் கவனமாக இருங்கள் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருந்தது. நாங்கள் அதை எங்கும் பயன்படுத்தியிருந்தோம். 1.0-ல் அது இல்லாததால் ஒவ்வொரு இடத்தையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. மூன்றாவது நாள், பொதுவில் திறந்திருக்கும் ஒரு முகவரியில், யார் எதை அனுப்பினாலும் முழுசாக விழுங்கிக்கொள்ளும்படி நானே 2020-ல் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதுவரை யாரும் அதைத் தொடவில்லை. லிமிட்டெட் என்ற உறையைப் போட்டு இரண்டு மெகாபைட்டில் நிறுத்தினேன். உடைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்கவே மாட்டேன்.

இன்னும் ஒப்பாதது

இவ்வளவு சொன்னாலும், அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆக்ஸம் 0.7 வந்தது 2023 நவம்பர் கடைசியில். ரெக்வெஸ்ட் 0.12 வந்தது 2024 மார்ச்சில். நடுவில் நாலு மாதம், இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் இருநூறை இருநூறாக மாற்றும் வரியை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹைப்பரின் சுவர்கள் இடிய வேண்டியிருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்டிடிபி கிரேட் என்பது சுவர் இல்லை, அது நாம் எல்லோரும் பேசும் சொற்கள். ஸ்டேட்டஸ்கோட், மெதட் இவற்றில் 0.2-க்கும் 1.0-க்கும் பயன்படுத்துகிறவருக்குத் தெரியும்படி ஏறக்குறைய எந்த வித்தியாசமும் இல்லை. மாறாத டைப்களை மட்டும், 0.2-இன் கடைசி வெளியீடு ஒன்றில் 1.0-இலிருந்தே எடுத்து மறுவெளியீடு செய்திருந்தால், இரண்டு வீட்டு 200-ம் ஒன்றாகவே இருந்திருக்கும். அதற்கும் ஒரு விலை இருந்திருக்கும். இருந்தாலும் அந்த விலையைக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

கிளையண்ட் விஷயத்திலும் மனசு ஆறவில்லை. அது ஹைப்பர்-யூட்டிலுக்குள் போனது சரி, ஆனால் லெகசி என்ற பெயர் கொண்ட மாட்யூலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட நல்ல வடிவம் பின்னால் வரும், இது இடைக்கால ஏற்பாடு என்று சொல்லும் நேர்மை அந்தப் பெயரில் இருக்கிறது, புரிகிறது. ஆனால் புதிதாக வருகிறவர் முதல் நாளே பழையது என்று பெயர் எழுதிய பெட்டியைத் திறந்து வேலை தொடங்கவேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பேர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது தவறான இடம் போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்கள். கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியிருந்தது. 0.14-இன் கடைசி வெளியீடுகளில் பேக்போர்ட்ஸ், டெப்ரிகேட்டட் என்று இரண்டு ஃபீச்சர்கள் வைத்து, 1.0-க்குப் போகும் முன்பே எது எது போகப்போகிறது என்று எச்சரிக்கையாகக் காட்டினார்கள். அது அருமையான ஏற்பாடு. எங்கள் இடமாற்றத்தில் பாதியை அந்த எச்சரிக்கைகளை வைத்தே முடித்தோம். அந்த அக்கறை பெயர் வைப்பதிலும் இருந்திருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்.

மார்ச்சில் ரெக்வெஸ்ட் 0.12 வந்த வாரமே அந்தப் பெண், இருநூறை இருநூறாக மாற்றும் அந்த ஒரு வரியை நீக்கினார். நான் சொல்லவில்லை, தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் ஒரு மாதம் கழித்து, ஒன்பது சர்வீஸ்கள் பயன்படுத்தும் எங்கள் உள் லைப்ரரியில் நான் செய்த ஒரு மாற்றத்தை அவரிடம் பார்வைக்கு அனுப்பினேன். மாற்றம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குச் சம்பந்தமில்லாத, 2019-இலிருந்து அங்கேயே கிடக்கும் ஒரு ஃபங்ஷனின் தலையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "அண்ணா, இது ஹைப்பரோட ரெஸ்பான்ஸையே வெளியே குடுக்குதே. நாளைக்கு ஹைப்பர் மாறினா ஒன்பது சர்வீஸும் ஒரே நாள்ல மாறணுமே?"

மாறத்தான் வேண்டியிருந்தது, மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஹைப்பரைத் திட்டிக்கொண்டே. அந்தப் பொதுச்சுவரைக் கட்டியது நான்தான் என்பது அதுவரை தோன்றவே இல்லை. அந்த ஃபங்ஷன் இப்போது எங்களுடைய சொந்த ஸ்ட்ரக்ட் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது: ஒரு எண், ஹெடர்களின் பட்டியல், பைட்டுகள். ஒன்பது சர்வீஸ்களையும் மாற்ற ஒரு மாதம் ஆனது, எட்டு முடிந்தது. ஒன்பதாவதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது. அதில் இன்னும் 0.14 ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்காரப் போகிறோம்.